பொழிச்சலூரிலிருந்து செம்பாக்கம்: இரண்டு கைகளோடு ஒரு பயணம்

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கு முப்பது வயது. ஆட்டிசம் இருப்பது சமீபத்தில்தான் தெரியவந்ததாம். கூட வேலை செய்பவரின் அம்மா இறந்துவிட்டார், இவர் போகவில்லை. காரணம், அங்கே போய்க் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நீங்கள் ஊர் ஊராகப் போகிறீர்களே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். மலைப்பாதை, பட்ஜெட் விடுதி என்று எத்தனையோ கேள்விக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், 1992 டிசம்பரில் பொழிச்சலூரிலிருந்து செம்பாக்கத்துக்குப் போய் வந்த பயணம்தான். ஒரு வழிக்குப் பதினாறு கிலோமீட்டர்.

முதலில் கைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சும்மா நிற்கும்போது என் கைகள் இரண்டும் யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மூட்டை மாதிரி இருக்கும். தொங்கவிட்டால் கனக்கும். மடக்கினால் முழங்கை ஒட்டிக்கொண்டு, விரல்கள் நெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்கும். நாய்க்குட்டி பின்னங்காலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பொய் இல்லை, கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். இடுப்பில் வைத்தால் திமிர், மார்பில் கட்டினால் அலட்சியம், பின்னால் கட்டினால் பெரிய இன்ஸ்பெக்டர் என்று நினைப்பு. நம் ஊரில் கைக்கு இருக்கிற இலக்கணம் வேறு எதற்கும் கிடையாது. இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரியும்.

இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வழி கண்டுபிடித்தவன் தணிகாசலம். குரோம்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை. செம்பாக்கத்தின் பழைய குடும்பம், ஒரு காலத்தில் விவசாயம், பிறகு மனை விற்பனை. ஆபீஸில் ஆயுத பூஜைக்கு குரூப் போட்டோ எடுப்பார்கள். நான் கையோடு தவித்துக்கொண்டு நிற்கும்போது தன் டிபன் கேரியரை என்னிடம் திணிப்பான். "இத்த புடிச்சிகினு நில்லு மச்சான்," என்பான், அவ்வளவுதான். கல்யாண ரிசப்ஷன் என்றால் ஹெல்மெட். எல்லா போட்டோவிலும் நான் எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு இருந்த ஒரே நண்பன் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு போனுக்குச் செய்தி வந்தது. தணிகாசலத்தின் அப்பா முந்தின ராத்திரி தவறிவிட்டார், சாயங்காலம் எடுக்கிறார்கள். நான் அப்போது பொழிச்சலூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா யோசித்துவிட்டு, "நீ இன்னிக்கி போகாத. காரியம் முடிஞ்சப்புறம் மெதுவா போய்ப் பாத்துக்கலாம்," என்றாள். ஏன் என்றேன். "பெரியப்பா செத்தப்போ என்ன ஆச்சுன்னு ஞாபகம் இல்லையா? அங்க போய் விரலை ஆட்டிக்கிட்டு நின்னா அவங்களுக்குத்தானே அசிங்கம்," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரியப்பா சாவில் நான் கை கொடுக்கத் தெரியாமல் நின்றதற்கு அவள்தான் பத்துப் பேரிடம் பேச்சு வாங்கினாள்.

கை கொடுப்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் துக்க வீடுகளில் ஆண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார், இவர்கள் அதைத் தொட்டு விடுவார்கள். வார்த்தை கிடையாது. எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம், முதலில் யார் எடுப்பது, எதையும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள், பிறந்ததிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்குப் போகாமல் இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பக்கத்து மேஜையை எந்த முகத்தோடு பார்ப்பது? அவன் ஒன்றும் கேட்கமாட்டான், அதுதான் பயமாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

தூறல் இருந்ததால் மாமாவின் குடையை எடுத்துக்கொண்டேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். வளைந்த மரப்பிடி வைத்த நீளக் குடை, கல்யாணத்தில் எங்கள் அப்பா கொடுத்த சீர். காலை பத்து மணிக்கு பஸ், பல்லாவரம் வரை நாலு கிலோமீட்டர். ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடையில் பதினெட்டு ரூபாய்க்கு ஒரு ரோஜா மாலை வாங்கினேன். இது நான் வழியில் போட்ட திட்டம். மாலை போடுகிறவனுக்கு இரண்டு கைக்கும் வேலை உண்டு. மாலையோடு நுழைகிறவனை யாரும் கை நீட்டச் சொல்லமாட்டார்கள், நேராக உள்ளே அனுப்பிவிடுவார்கள். பூக்காரர் வாழை இலையில் சுற்றி, நாரால் கட்டிக் கொடுத்தார். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் அந்தப் பொட்டலத்தைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைகள் அமைதியாக இருந்தன. எனக்கே என் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தாம்பரத்தில் நடைமேம்பாலம் ஏறி கிழக்குப் பக்கம் இறங்கினால், வேளச்சேரி போகிற பஸ் கிடைக்கும். சேலையூர், கேம்ப் ரோடு வழியாக செம்பாக்கம் ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நல்ல கூட்டம். நடுவில் நின்றேன். குடையை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் மாலை. உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "குடுப்பா இப்டி, எவ்ளோ நேரம் தூக்கிகினு நிப்பே," என்று கையை நீட்டினார். சென்னை பஸ்ஸில் நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம். கொடுக்காவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். கொடுத்தேன். "கோயிலுக்கா?" என்றார். பதில் சொல்வதற்குள் என் தலை தானாக ஆடிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. நம் கண்டக்டர்கள் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். முன்னால் இருக்கிறவரின் காசு கை மாறிக் கை மாறிப் பின்னால் போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். அன்றைக்கு அந்தச் சங்கிலியின் நடுவில் நான். "ஒரு மேடவாக்கம், பாஸ் பண்ணுங்க சார்." வாங்கினேன், கொடுத்தேன். "ரெண்டு பள்ளிக்கரணை, ஒரு சின்னது." வாங்கினேன், கொடுத்தேன். சேலையூர் தாண்டுவதற்குள் என் கையில் எத்தனை பேருடைய விரல் பட்டிருக்கும், தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்று நான் ஒரு தடவையும் யோசிக்கவில்லை. எனக்குக் கை இருப்பதே மறந்துபோயிருந்தது. இதை அன்றைய சந்தோஷம் என்று தயங்காமல் சொல்வேன்.

"செம்பாக்கம் யாருப்பா, எறங்கு எறங்கு!" என்று குரல் கேட்டதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கினேன். பஸ் கிளம்பி, புகை அடங்கி, குடையை விரிக்கப் போகும்போதுதான் தெரிந்தது. மாலை அந்த அக்கா மடியில் போய்க்கொண்டிருக்கிறது.

ஓடிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. அங்கே பூக்கடையும் இல்லை, ஒரு சைக்கிள் கடையும் டீக்கடையும்தான். டீக்கடையில் கேட்டதற்கு, மாலை வேண்டுமென்றால் கேம்ப் ரோடு போகவேண்டும் என்றார்கள். திரும்பிப் போயிருக்கலாம். போனால் அப்படியே தாம்பரம் போய் ரயில் ஏறிவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். (அந்த மாலை என்ன ஆயிற்று என்று இன்றும் யோசிப்பதுண்டு. அந்த அக்கா பக்தி உள்ளவர் மாதிரி இருந்தார். ஏதாவது ஒரு பிள்ளையார் கழுத்தில் ஏறியிருக்கும்.)

ஏரிப் பக்கமாகப் போகும் தெருவில் பத்து நிமிட நடை. மழையில் சேறு. மேளச் சத்தம் வழி காட்டியது. வாசலில் சாமியானா, இரும்பு நாற்காலிகள், பன்னிரண்டு பதிமூன்று ஆண்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாலை கூட வாங்காம வந்துகீறாரு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரியே. தணிகாசலத்தின் சித்தப்பா முதல் நாற்காலியில் இருந்தார், அவரை எனக்குத் தெரியும். "வாப்பா," என்றார். குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவர் தொட்டார். அடுத்தவர் தொட்டார். பஸ் சில்லறை என்று நினைத்துக்கொண்டேன், வாங்கு, கொடு, வாங்கு, கொடு. அப்படியே வரிசையின் கடைசி வரை வந்துவிட்டேன். கடைசி நாற்காலியில் தணிகாசலம்.

அவன் என் கையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தானா என்றே தெரியவில்லை. அவன் கைகள் இரண்டும் முழங்காலுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. விரல்கள் ஒன்றையொன்று தொட்டு விலகின. ஒரு கை மீசைக்குப் போனது, பாதியில் திரும்பியது. வேட்டி மடிப்பைப் பிடித்தது, விட்டது. எந்தக் கூட்டத்திலும் கையைப் பற்றி ஒரு கணம் யோசித்திராத மனுஷன். அங்கே இருந்தவர்கள் எல்லாம் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள், அழவில்லையே என்று கவலைப்பட்டார்கள். எனக்கு முகம் படிக்கத் தெரியாது. கை படிக்கத் தெரியும். நான் என்னையே வெளியிலிருந்து பார்ப்பது போல் இருந்தது.

முழங்கையிலிருந்து குடையைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். "இத்த புடிச்சிகினு இரு மச்சான்," என்றேன். அந்தப் பாஷை எனக்கு வராது, வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

விரல்கள் பிடியைச் சுற்றி மூடிக்கொண்டன. "துக்கத்துல இன்னாத்துக்குப்பா குடை? வாங்கி ஓரமா வை," என்றார் சித்தப்பா. "இர்க்கட்டும் சித்தப்பா," என்றான் தணிகாசலம். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு சொன்னார்கள். அதற்கப்புறம் அழுதான், ரொம்ப நேரம், குடையைக் கட்டிக்கொண்டு. மழைத்தண்ணீர் அவன் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். என் கைகள் நாய்க்குட்டி மாதிரிதான் இருந்திருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு அவனைக் குளிக்கக் கூப்பிட்டார்கள். மூத்த பிள்ளை, கொள்ளிச் சட்டி அவன்தான் தூக்கவேண்டும். எழுந்தவன் குடையை நாற்காலிக்கு அடியில் வைத்து, "எடுத்துனு பூடாத மச்சான். வந்ததும் எனக்கு வோணும்," என்றான். சுடுகாடு வரை போனேன். துக்கத்தில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, யாரிடமும் விடைபெறாமல் திரும்பிவிட வேண்டும். விடைபெறத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கென்றே ஏற்படுத்திய ஏற்பாடு. தூறலில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப் வந்தேன். தாம்பரம் வரை எல்லோருடைய சில்லறையையும் நான்தான் கைமாற்றினேன்.

காரியம் முடிந்து, தை பிறந்து சில நாள் கழித்து அவன் வேலைக்கு வந்தான். மொட்டைத் தலை, நல்ல வெயில், கையில் குடை. ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். மாசி வரை தினமும் கொண்டுவந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மாமாதான் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார், ரயிலில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாசகருக்கு என் குறிப்புகள். இந்தப் பாதையில் இப்போது பஸ் அதிகம், பொழிச்சலூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். மாலையை அந்த ஏரியாவுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு வாங்குங்கள். பஸ்ஸில் சங்கிலிக்கு நடுவில் நில்லுங்கள், கைகள் பழகிவிடும். காலம் கடந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம், நாளைக்கே போங்கள். துக்க வீட்டில் கையை எங்கே வைப்பது என்பது அந்த வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்காது. மழை இல்லாவிட்டாலும் ஒரு குடை எடுத்துப்போங்கள், நல்ல பிடியாகப் பார்த்து. அது திரும்பி வராது.