இரண்டு பூட்டுப் பெட்டி

எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரே கயிற்றில் இரண்டு சாவிகள் தொங்குகின்றன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டும் ஒரே பெட்டியின் சாவிகள்தான். ஆனால் ஒன்றின் பூட்டை மற்றது திறக்காது. பெட்டியைக் கரையான் தின்று எத்தனையோ காலம் ஆயிற்று. போன மாதம் வெள்ளையடிக்க வந்த பையன், "இது இன்னாத்துக்கும்மா, எடைக்குப் போட்டுடலாமே" என்றான். போட மாட்டேன் என்றேன். குட்டைச் சாவி என் மாமனாருடையது. நீளச் சாவி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். ஏன் வந்தது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்து ஓட்டுப் பெட்டி அது. ஒரு சாவி கொம்யூன், அதாவது அந்தக் காலத்து ஊராட்சி, அதன் தலைவரிடம் இருக்கும். அவரை நாங்கள் மேர் என்போம். இன்னொன்று உறுப்பினர்களில் வயதில் மூத்தவரிடம் இருக்கும். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாதபடி ஏற்பாடு. எங்கள் பாகூர் கொம்யூனில் அப்படி மூத்தவராக இருந்தவர் என் மாமனார். செலியமேட்டுப் பக்கம் கூலிக்காரர்கள் குடியிருக்கும் சேரி எங்களுடையது. பெரிய தெருவில் நிலபுலனோடு இருந்த மேர், தேர்தலுக்குத் தான் நிறுத்தும் ஆட்களின் பட்டியலில் எங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி அதில் மாமனாரை நிறுத்தினார். மேர் நிறுத்தினால் ஜெயித்த மாதிரிதான். இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று கீழூரில் கூடி ஓட்டுப் போட்டவர்களில் மாமனாரும் ஒருவர். எதற்குப் போட்டார் என்று பெற்ற பிள்ளை கேட்டதற்கே, "ரகசியம்னா ரகசியம்தான்டா" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். அப்படியும் தெருவில் அவருக்கு "மேரு ஆளு" என்றுதான் பெயர். அவர் காதிலும் அது விழாமல் இல்லை.

எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பி வாய்க்கால் பொங்கும்போது யாராவது செத்தால், மார்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேரின் வயலோரத்தில் மண் கொட்டி மேடாக்கினால் போதும், தீர்ந்துவிடும். கொம்யூன் கூட்டத்தில் ஒருமுறை அந்தப் பேச்சு வந்தது. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். எல்லோரும் முதலில் மேரின் முகத்தைப் பார்த்தார்கள். மாமனாரும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த மழையிலேயே என் மாமியார் போய்ச் சேர்ந்தார். வாய்க்கால் நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை சரிந்துவிட்டது. மாமனார்தான் முழுகித் தேடித் தூக்கினார். அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தவர் பல நாள் தன் வலது கையை அடிக்கடி விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த கோடையில் பட்டணத்திலிருந்து ஒரு வக்கீல் பாகூர் படிப்பகத்துக்குப் பேச வந்தார். உலக நாடுகளெல்லாம் கூடும் சபை ஒன்று இருக்கிறதாம். அதன் கீழே மனித உரிமைக்கென்று ஒரு குழு. அந்தக் குழுவுக்கு யோசனை சொல்ல நிபுணர்கள் அடங்கிய இன்னொரு சிறு குழு. பிறப்பைக் காட்டி மனிதனை ஒதுக்கிவைப்பது எங்கெங்கே நடக்கிறது என்று ஆராய்ந்து சொல்வது அவர்கள் வேலை. அந்த நிபுணர்களுக்குத் தேர்தல் வருகிறது என்று வக்கீல் சொன்னதுதான் தாமதம், மாமனார் எழுந்துவிட்டார்.

"எங்க ஓட்டு எப்பங்க? கீழூர்ல போட்டமே, அந்த மாதிரி எங்களையே கூப்புடுவாங்களா? பொட்டி இருக்குது. சாவியும் எங்கிட்டதான் இருக்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. இப்போது யோசித்தால் சிரிக்க என்ன இருந்தது என்று கோபம்தான் வருகிறது. எந்த நாட்டில் இருக்கலாம் என்பதற்கே ஓட்டுப் போட்டவர், நிபுணருக்குப் போடக் கூப்பிடுவார்கள் என்று நினைத்ததில் என்ன தப்பு? வக்கீல் சிரிக்கவில்லை. ஆளை நிறுத்துவது அந்தந்த நாட்டு சர்க்கார், ஓட்டுப் போடுவது மேல் குழுவில் உட்கார்ந்திருக்கும் சர்க்கார்கள், அதுவும் ரகசிய ஓட்டு என்று பொறுமையாகச் சொன்னார். இடமெல்லாம் உலகத்தின் ஒரே மூலைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வார்களாம். ஜெயித்தவர் தன் சொந்த அறிவுக்குப் பட்டதைத்தான் பேச வேண்டும், தன்னை நிறுத்திய சர்க்காருக்காகப் பேசக் கூடாது என்றும் சொன்னார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது எங்களுக்கு. வில்லியனூரில் ஆறாவது வரை படித்தவள் என்பதால் வீட்டில் நான்தான் பண்டிதை. என் வீட்டுக்காரர் பட்டணத்து மில்லில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் மாமனாரின் கேள்வி எல்லாம் என் தலையில்தான் விடிந்தது.

"நிறுத்துறது சர்க்காரு. ஓட்டுப் போடுறதும் சர்க்காரு. ஜெயிச்சவன் மட்டும் சர்க்காரு ஆளு இல்லியா? இது இன்னாம்மா கதை?"

"அப்படித்தான் மாமா சொன்னாரு."

"நிறுத்துனவனுக்கு எதிரா எப்படிமா பேசுவான்?"

"பேசலாம்னு சட்டம் இருக்குதாம்."

"சட்டம் இருக்கும். வாய் வருமா?"

யோக்கியமான ஆளாகப் பார்த்து நிறுத்துவார்கள் போல என்று சமாளித்தேன். "என்னையும் யோக்கியன்னுதான் மேரு நிறுத்துனாரு" என்றார். நாளெல்லாம் இதே பேச்சு. அவர் என்னைக் குழப்புவார், நான் அவரைக் குழப்புவேன். ஒருநாள் மத்தியானம் கேழ்வரகுக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு யாரை நிறுத்துனாங்கன்னு உலகத்துக்கே தெரியுது. யாருக்கு யாரு போட்டாங்கன்னு மட்டும் ஏன் தெரியக்கூடாது?" என்றார். வேலை அவசரத்தில் இருந்த எனக்கு எரிச்சல். "தெரிஞ்சா அப்புறம் மூஞ்சியப் பார்க்கணுமே மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கூழ் அப்படியே இருந்தது. மனிதரைக் காணோம்.

அதற்குப் பின் நடந்தது நான் நேரில் பார்த்ததல்ல, அவர் சொல்லிக் கேட்டது. பழைய சட்டத்தில், கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் கேட்டால் எதற்கும் ரகசிய ஓட்டு வைத்தாக வேண்டும். மேரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும்தான் பெட்டியைக் கொண்டுவருவார்கள். ஒரு மண் பாதைக்காக யாரும் அதுவரை கேட்டதில்லை. மாமனார் ஒவ்வோர் உறுப்பினர் வீடாகப் போய்ப் பேசி, பெட்டி கேட்பதற்கு மட்டும் ஆள் சேர்த்தார். பாதைக்குப் போடுங்கள் என்று யாரிடமும் கேட்கவில்லையாம். கூட்டத்தில் எழுந்து கேட்டதும் மேர், "உன்னை நிறுத்துனதே நான்டா. என்னை நம்பலையா?" என்றார்.

"நீங்கதான் நிறுத்துனீங்க ஐயா, இல்லேங்கல. ஆனா நான் யாரு ஆளுன்னு எனக்கே கொழப்பமா இருக்குது. பொட்டியில போட்டுப் பாத்துக்கலாம்."

மேர் மேசை மேல் தன் சாவியை எடுத்து வைத்தாராம். ஓட்டெல்லாம் விழுந்து முடிந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து திறந்தார்கள். பாதை ஒரே ஓட்டில் ஜெயித்தது.

ஜெயித்தவர் சந்தோஷமாக அல்லவா வீட்டுக்கு வர வேண்டும்? பேயறைந்த மாதிரி வந்தார். அவர் போட்டு வைத்திருந்த கணக்குப்படி தோற்றிருக்க வேண்டும். "எங்கியோ இருந்து ஒண்ணு வந்து வுழுந்துருக்குது. யாரும்மா அது?" என்றார். கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து பெரிய தெருவில் எதிரே வருகிற உறுப்பினர் ஒருவர் விடாமல் நின்று கும்பிட ஆரம்பித்தார். எங்களை வாசல்படி ஏறவிடாதவர்களுக்கும் அதே கும்பிடு. "இப்படியா ஆளுக்கெல்லாம் கும்பிடு போடுவாங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஒருத்தருக்குச் சொல்லணும். அவரு யாருன்னு தெரியல. அதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிடுறேன்" என்றார். அடுத்த தேர்தலில் மேர் அவரை நிறுத்தவில்லை. ஆனால் சாவியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

பிரெஞ்சுக்காரன் எங்களை முழுசாகக் கைமாற்றிக் கொடுத்த வருஷம், கார்த்திகை மழையில் மாமனார் போனார். வாய்க்கால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. தூக்கினவர்கள் மேட்டுப் பாதையில் நனையாத காலோடு நடந்தார்கள். பெண்கள் தெருக்கோடியில் நின்றுவிட்டோம். பாதை தொடங்கும் இடத்தில், தன் வயலோரமாக மேர் தனியாக நின்றுகொண்டிருந்தார். பாடை கடந்தபோது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, மடியிலிருந்து நீளச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இனிமே வேற பொட்டி வருமாம். ரெண்டும் ஒரே எடத்துல இருக்கட்டும்மா" என்றார். பிறகு காலால் பாதையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். "மண்ணு நல்லா எறுகிடுச்சி."

அந்த ஓர் ஓட்டு நீங்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருக்கலாம். உதவாத பழைய சாமானை ஒப்படைத்துவிட்டுப் போகிறவரிடம் அப்படிக் கேட்டுவைத்தால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. அதற்குள் அவர் வரப்பில் இறங்கி நடந்துவிட்டார்.

அந்த மாதிரி நிபுணர் குழு ஒன்றுக்குத் தேர்தல் நடந்ததாகச் சமீபத்தில் பேத்தி பேப்பரில் படித்துக் காட்டினாள். இன்றைக்கும் சர்க்கார்தான் நிறுத்துகிறதாம், சர்க்கார்கள்தான் போடுகின்றனவாம், ரகசிய ஓட்டுதானாம். ஜெயித்தவர் யாருடைய ஆள் என்று கேட்டேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. வெள்ளையடித்த பையன் வேலை முடிந்து போகும்போது சாவிகளைத் துடைத்துக் கொடுத்து, "இதுல எதும்மா உங்களுது?" என்றான். குட்டையைத் தொட்டுக் காட்டினேன். நீளத்தை அவனிடம் யாருடையது என்று சொல்வது? இரண்டையும் ஆணியில் மாட்டி, சாமியோடு நீளச் சாவிக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.