விரிப்பின் மறுமுனை

வீட்டில் கடைசிப் பெண் என்பதால் அவளைச் சின்னவள் என்பார்கள். நாற்பதைத் தாண்டி, சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்துத் திருப்பி அனுப்பும் இடம் அது. மடிப்பு அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. இருந்த ஒரே இரும்புக் கதவையும் வேலை நேரத்தில் திறக்கக் கூடாது. தூசி வந்து துணியில் ஒட்டும் என்பார் சூப்பர்வைசர்.

மடிப்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. சும்மா சொல்கிற பேச்சில்லை. அவள் அடுக்கிய கட்டின் பக்கவாட்டில் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம், ஓர் ஓரம்கூடத் துருத்தி நிற்காது.

ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். அவளுடைய ஜோடி அவளைவிடச் சில வயது மூத்த பெண். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

மாலையில் வீட்டுக்குப் போய், கால் முறிந்து கிடக்கும் கணவனைக் கவனித்துவிட்டுச் சின்னவள் படுத்தால், கனவிலும் அதே அறைதான் வரும். அதே விரிப்பு, அதே நீராவி வாடை. விடிந்தால் தோள் வலிக்கும்.

"சம்பளமில்லாத ஓவர்டைம்" என்றாள் ரேடியோ. "முதலாளிக்குத் தெரிஞ்சா கனவுக்கும் ஒரு டியூட்டி சார்ட் போட்டுடுவான். வாயத் திறக்காத."

ஒரு நாள் கனவில் விரிப்பை உதறியபோது, மறுமுனையில் யாரும் இல்லை. துணி மட்டும் யாரோ பிடித்திருப்பதுபோல அந்தரத்தில் நின்றது. 'அட, இது கனவு' என்று கனவுக்குள்ளேயே அவளுக்குப் புரிந்தது. உடம்பு லேசாகிவிட்டது. இரும்புக் கதவைப் பார்த்துத் திரும்பினாள்; அதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கதவின் நினைப்பாகவே இருந்தாள். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான், வேலையை விட வழியில்லை. கனவிலாவது கதவைத் திறந்துகொண்டு போய்விட வேண்டும். அந்தப் பக்கம் என்ன இருந்தாலும் சரி.

"அதுக்கு வழி இருக்காம். ஃபோன்ல பாத்த வீடியோவுல ஒரு டாக்டர் சொன்னாரு" என்றாள் ரேடியோ. "பகல்ல அடிக்கடி, இது கனவான்னு நீயே உன்னைக் கேட்டுப் பாக்கணும். சும்மா கேட்டா போதாது, சோதிச்சும் பாக்கணும். அந்தப் பழக்கம் கனவுலயும் வந்துடுமாம். அப்புறம், முழிச்ச உடனே புரளாம படுத்து, கண்ட கனவை முழுசா ஒரு தடவை ஓட்டிப் பாக்கணுமாம்."

சின்னவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. சோதனையையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். கனவில் விரிப்பு அந்தரத்தில் நிற்கிறது. ஆகவே கையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மறுநாள் காலை கையை விட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. தரையில் பட்ட துணி மறுபடி சலவைக்குப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். மத்தியானத்துக்குள் ஒரு தள்ளுவண்டி நிறையத் துணி திரும்பிப் போனது.

"கைக்கு என்னம்மா வந்துச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

"வேர்வை சார்" என்றாள் ரேடியோ முந்திக்கொண்டு. அவர் போனதும், "என்னை வச்சே சோதியேன்டி. கனவுல நான் இல்லன்னுதானே சொன்ன? நான் இருந்தா நிஜம், இல்லன்னா கனவு. துணியாவது பிழைச்சுப் போகட்டும்" என்றாள்.

அப்படியே செய்தாள். மூலைகள் சேரும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து ரேடியோவின் முகத்தைப் பார்த்து, "அக்கா, இருக்கியா?" என்பாள்.

"இருக்கேன், இருக்கேன். எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு தேடினதில்ல."

பலித்தது. மறுமுனை காலியாக இருக்கும் கனவு அடிக்கடி வந்தது. வந்ததுமே அது கனவு என்று தெரிந்தது. ஆனால் கதவுவரை ஒரு தடவையும் போக முடியவில்லை.

"யாராவது புடிச்சு வைக்கிறாங்களா?" என்று ரேடியோ கேட்டாள்.

"இல்லக்கா. கட்டு பாதியில கிடக்குது."

"கனவுலதானேடி?"

"கனவுன்னாலும் பாதியில போட்டுட்டுப் போக மனசு வரல. முடிச்சுட்டுப் போகலாம்னு பாத்தா முடியறதுக்குள்ள விடிஞ்சுடுது."

ரேடியோ தள்ளுவண்டியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

அதன் பிறகு நிலையத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். மடிப்பு அறைச் சுவரில் இரண்டு இரும்புக் கவ்விகள் வந்தன. இரண்டு மூலையை அவற்றில் மாட்டிவிட்டு ஒருத்தியே மடித்துவிடலாம். ரேடியோவை ஊரின் மறுகோடியில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். போகும்போது, "கவ்விகிட்ட பேசாத, பதில் சொல்லிடப் போகுது" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நிமிர்ந்தால் எதிரே சுவர். 'அவள் இல்லை, அப்படியானால் கனவு' என்று மனசு தானாகச் சொல்லும். இல்லை, நிஜம்தான் என்று அதை அதட்டி அடக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மதியம் அடக்கவில்லை. விரிப்பு கவ்வியில் தொங்க, கட்டு பாதியில் கிடக்க, நேராக நடந்துபோய்க் கதவைத் திறந்து படியேறினாள். எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். மேலே முற்றத்தில் வெயில். செருப்பைக் கீழேயே விட்டிருந்தாள்; சிமெண்டுத் தரை உள்ளங்காலைச் சுட்டது. அழுக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த வேன் டிரைவர், "என்னக்கா, இன்னைக்குச் சீக்கிரமே விட்டுட்டாங்களா?" என்றான்.

சூடு ஏறியபோதுதான் அது நிஜம் என்று உறைத்தது. "காத்து வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சூப்பர்வைசர் கவ்வியில் தொங்கிய விரிப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். குரலை உயர்த்தவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் பாதிக் கட்டை முடித்தாள்.

விடுமுறை நாளின் மதியம் கண்ணயர்ந்தபோது மறுபடியும் அந்த அறை. விரிப்பை உதறினாள். மறுமுனையில் ரேடியோ நின்றிருந்தாள், இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு, ஏதோ பேசியபடி. சின்னவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள்தான் வேறு கிளைக்கு மாறிப் போய்விட்டாளே, ஆகவே இது கனவு. இத்தனை தெளிவாக அவளுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. அந்த விரிப்பை மடித்து வைத்ததோடு கட்டு முடிந்தது. தள்ளுவண்டியில் துணி இருந்தாலும் அது அடுத்த கட்டுக்கானது. கதவு சாத்தியிருக்கவில்லை; அதன் வழியே படியில் வெளிச்சம் இறங்கியிருந்தது.

"போகணும்னா போடி. நான் பாத்துக்கறேன்" என்றாள் ரேடியோ. பிறகு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். புதுக் கிளையில் அவளோடு மடிக்கிறவள் வாயே திறக்காத ஊமைக்கோட்டானாம். தும்மினால்கூடச் சத்தம் வராதாம்.

சின்னவள் கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தள்ளுவண்டிக்குள் கைவிட்டு இன்னொரு விரிப்பை எடுத்து, இரண்டு மூலைகளை ரேடியோவிடம் நீட்டினாள்.