ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பார்த்தவர்

எங்கள் தண்ணீர் ஆபீசில் அவருக்கு 'வாசப்படி' என்று பெயர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர். நானும் அதே வேலைதான். கொக்கியால் மூடியைத் தூக்கி, மண்டியிட்டு, டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். யாராவது உள்ளே கூப்பிட்டால் நாங்கள் போய் விசிறிக் காற்றில் நிற்போம். அவர் படியைத் தாண்ட மாட்டார். என் வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே பேசிவிட்டுப் போகிற ஜென்மம்.

மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். ஒரே மகள் வேறு ஊரில் இருக்கிறாள். "ஒரு பழைய காராவது வாங்குங்கப்பா. நினைச்சா பேரனைப் பாக்க வரலாம்" என்றாள். மனுஷன் அந்த வாரமே கிளம்பிவிட்டார்.

முதல் ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க சார், உக்காருங்க" என்றார்களாம். மெத்தென்ற நாற்காலி, சூடாகக் காபி. டை கட்டிய விற்பனையாளர், பேரன் எந்த வகுப்பு என்பதுவரை விசாரித்திருக்கிறார். "அவ்வளவும் கேட்டாருப்பா!" என்று மறுநாள் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில், "லோன் எவ்வளவு கிடைக்கும்னு சும்மா பாத்துடலாம் சார், ஒரு கையெழுத்து மட்டும்" என்று அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். காபி குடித்துவிட்டு எப்படி மாட்டேன் என்பது? போட்டுக் கொடுத்தார்.

கார் பிடித்திருந்தும் வாங்கவில்லை. மகள் பேச்சுக்குத்தான் சொன்னாளோ, மருமகன் ஒன்றுமே சொல்லவில்லையே என்ற தயக்கம் ஒரு பக்கம். வாங்கிவிட்டால் அப்புறம் யார் உட்காரச் சொல்வார்கள் என்பது இன்னொரு பக்கம். அடுத்த ஷோரூமில் நிறம் சரியில்லை, அதற்கடுத்ததில் டிக்கி சின்னது. சாக்குக்கா பஞ்சம்! ஞாயிறுதோறும் எங்கு போனாலும் காபி, குசலம், கையெழுத்து. இப்படியே ஒரு வருஷம் ஓடியது. "அண்ணே, உங்களைப் பாத்தா ஊர்ல இருக்கிற காரெல்லாம் தானா ஹாரன் அடிக்கும் போல" என்று நான்கூடக் கேலி செய்தேன்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். "நான் திரும்ப வேலைக்குப் போறேம்பா. இங்கயே வந்துடுங்க, மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. உங்க பேரனை சாயங்காலம் ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும். தூரம், கார் இல்லாம முடியாது. இவரும் உங்களைத்தான் சொல்றாரு."

மதியத்தோடு முடிகிற வேலை. மாற்றலும் கேட்டால் கிடைக்கும். பள்ளி திறப்பதற்குள் கார் வேண்டும், அவ்வளவுதான். துணைக்கு என்னையும் வங்கிக்கு அழைத்துப் போனார்.

கடன் பிரிவில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இத்தனை இடத்துல லோன் கேட்டிருக்கீங்களே, ஒருத்தருமா குடுக்கல?"

"நான் எங்கம்மா கேட்டேன்? காபிதான் குடிச்சேன்."

"நீங்க போட்ட கையெழுத்தை வெச்சு ஷோரூம்காரங்க பைனான்ஸ் கம்பெனிக்கு அனுப்புவாங்க. அவங்க ஒவ்வொரு தடவை விசாரிக்கும்போதும் உங்க கிரெடிட் ஸ்கோர், அதான் உங்களை நம்பிக் கடன் குடுக்கலாமான்னு பாக்கற மார்க், கொஞ்சம் இறங்கும். ரெண்டு வாரத்துக்குள்ள நாலு இடம் பாத்திருந்தா, ஒரே கார் தேடறீங்கன்னு எடுத்துக்குவோம். நீங்க வருஷம் பூரா போயிருக்கீங்க. பணத்துக்கு அலையறவர் மாதிரி தெரியுது. இப்ப லோன் குடுக்க முடியாது."

யாரிடமும் கைமாற்றுகூட வாங்காத மனுஷனைப் பார்த்து இந்தப் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ மெதுவாக, "இப்ப என்னம்மா பண்றது?" என்றார்.

"ஆறு மாசம் எந்த ஷோரூம் பக்கமும் போகாதீங்க. ஸ்கோர் தானா ஏறும், அப்புறம் வாங்க."

பள்ளிக்கூடம் ஆறு மாதம் காத்திருக்குமா? மாடி அறைக்கு மருமகனின் அம்மா வந்துவிட்டார், சொந்தக் காரோடு. "பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாளாம் மகள்.

போன ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையோடு என் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. அந்த முதல் ஷோரூம் விற்பனையாளர். "என்ன சார், ஆளையே காணோம்? புது மாடல் வந்திருக்கு" என்பது எனக்கே கேட்டது.

"தம்பி, ஆறு மாசத்துக்குக் கையெழுத்து மட்டும் போடக் கூடாதாம். சும்மா வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டுமா? காபிகூட வேண்டாம்."

"மேனேஜரைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன் சார்."

"உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்றேன்.

"இருக்கட்டும்பா. இப்பக் கூப்பிட்டுருவாரு" என்று போனைக் கையில் பிடித்தபடி வெயில் ஏறும்வரை படியிலேயே நின்றிருந்தார்.