மாமனார் தேய்த்த நோட்டு

என் மாமனாருக்குக் கசங்கல் என்றாலே ஆகாது. இஸ்திரி கடைக்காரர். கைக்குட்டை, செய்தித்தாள், கல்லாவில் விழும் கசங்கிய நோட்டு என்று எதையும் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சட்டை சுருங்கிவிட்டதென்று யாராவது சண்டைக்கு வந்தால், "துணி அப்படி சார், நான் என்ன பண்றது?" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவார்.

அவரையும் மாமியாரையும் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனேன். "கார்டையெல்லாம் நம்பக் கூடாது மாப்ள" என்று செலவுப் பணம் மொத்தத்தையும் நோட்டாக மாற்றச் சொல்லித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதல் நாளே மழையில் நனைந்து விடுதிக்குத் திரும்பினோம். அறையில் ஓர் இஸ்திரிப் பெட்டி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

நான் குளித்துவிட்டு வந்தபோது அறை முழுக்கப் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். நோட்டுகளை வரிசையாகப் பரப்பி, மேலே துண்டை விரித்து, கடையில் செய்வதுபோலவே அழுத்தித் தேய்த்திருக்கிறார். துண்டை எடுத்தால், அத்தனையும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. அந்த நாட்டு நோட்டு காகிதம் இல்லை, பிளாஸ்டிக்.

"அடப்பாவி மனுஷா! சோத்துக்கு என்ன பண்ணப் போறோம்?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

பேயறைந்தவர்போல நின்றிருந்த மாமனார், ஒரு நோட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்:

"துணி அப்படி, மாப்ள."