அமலதாஸ் அண்ணையும் கருகல் மணமும்

கடந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மொன்றியலை அடுத்த லொங்கேய் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்தபோது கைபேசி அடித்தது. அமலதாஸ் அண்ணையின் மகள் ஜொஸ்லின். என்னோடு எப்போதும் பிரெஞ்சிலேயே கதைக்கிற பிள்ளை. அன்று, "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள். அந்தப் பிள்ளை தமிழில் சொன்னதே எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்து, இளவயதில் மொன்றியலுக்கு வந்தவர். விமான உதிரிப்பாகங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை. கத்தோலிக்கக் கோயிலின் பாட்டுக்குழுவில் அடித்தொண்டையில் பாடுவார். வேலையில் யாராவது ஒரு பாகத்தைக் காட்டி "ஏதோ சரியில்லை" என்றால் அவருக்குப் பிடிக்காது. "ஏதோ எண்டு ஒண்டும் இல்லை. பிழை எண்டால் அதுக்கு ஒரு இடம் இருக்கும். அதைச் சொல்லும்" என்பார்.

நகரின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் வீடு வாங்கிய பிறகு, நிலக்கீழ் அறையில் பியர் வடிக்கத் தொடங்கினார். மால்ட்டைக் காய்ச்சி, ஈஸ்ட் போட்டு, பெரிய கண்ணாடிச் சாடியில் புளிக்க விட்டு, போத்தலில் அடைக்கும் வேலை. "கோயிலில ஆமென் பாடுற மனிசன் வீட்டில கசிப்புக் காய்ச்சுறார்" என்று அவருடைய மனைவி ஸ்ரெல்லா அக்கா எங்களிடம் முறைப்பாடு சொல்வார். ஆனால் போத்தல்களைக் கழுவிக் கொடுப்பவரும் அவர்தான்.

தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சுவை வந்தது. ஒருதடவை ஆஸ்பத்திரி மருந்து மணம். குழாய்த் தண்ணீரின் குளோரின்தான் காரணம் என்று கண்டு, அதை நீக்கும் தூளைத் தண்ணீரில் கலக்கத் தொடங்கினார். மருந்து மணம் போயிற்று. கோடையில் வடித்தது வாழைப்பழம் போல மணத்தது. அறைச் சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டுவிட்டது என்று சொல்லி, சாடியைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தார். அதுவும் சரிவந்தது. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். "ரெண்டை ஒண்டா மாத்தினால் எது திருத்தினது எண்டு தெரியாமல் போயிடும்."

அதற்குப் பிறகு வந்ததுதான் கருகல் மணம்.

செத்த ஈஸ்டின் மேல் பியர் நெடுநாள் கிடந்தால் ரப்பர் கருகின மணம் வரலாம் என்று எங்கோ வாசித்திருந்தார். அடிமண்டியிலிருந்து முன்கூட்டியே பிரித்தெடுத்தார். மணம் போகவில்லை. ரப்பர் குழாயை மாற்றினார், பிறகு ஈஸ்டை, பிறகு மால்ட் வாங்கும் கடையை. ஒரு போத்தல் அருமை என்பார், அடுத்ததைத் திறந்து முகத்தைச் சுளிப்பார். ஒரு முழுச் சாடியை வடிகாலில் ஊற்றியதை நான் நின்று பார்த்தேன். எனக்கோ எல்லாமே ஒரே சுவையாகத்தான் இருந்தன. சொன்னேன்.

"நீர் என்ர மனம் நோகாமல் இருக்கச் சொல்லுறீர்."

"இல்லை அண்ணை, உண்மையாத்தான்."

அவர் நம்பவில்லை. வேலையிடத்திலும் அவருடைய சிரிப்புக் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார். ஸ்ரெல்லா அக்கா குசினியில் ஊற்றி மூன்று கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தார். எதில் என்ன என்று அவருக்கும் பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியாது. முதலாவதை அண்ணை குடித்து, "நல்லாயிருக்கு" என்றார். இரண்டாவதும் நல்லது. மூன்றாவதை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"இதுதான். பழைய ரயர் எரியிற மாதிரி."

நான் வாங்கிக் குடித்தேன். ஒன்றுமில்லை. ஸ்ரெல்லா அக்காவின் முகம் மாறியிருந்தது.

"இஞ்சேருங்கோ, மூண்டும் ஒரே போத்தல்தான்."

அவர் முதலாவது கிளாஸை மறுபடி முகர்ந்தார். இப்போது அதிலும் கருகல். தன் கையை முகர்ந்தார், அதிலும். சற்று நேரத்தில் எல்லாவற்றிலிருந்தும் அது மறைந்துபோயிற்று. கதிரையில் மெல்ல அமர்ந்தார்.

"அப்ப பிழை பியரில இல்லை" என்றார்.

அந்தக் கிழமையே ஸ்ரெல்லா அக்கா அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மூளையில், காதுக்கு மேலே உள்ள பகுதியில் கட்டி. இடையிடையே வந்துபோன அந்த மணம் சிறு வலிப்பு என்று வைத்தியர் விளக்கினாராம். தொழிற்சாலை வாகனத் தரிப்பிடத்தில் வைத்து இதை எனக்குச் சொன்னபோது, பக்கத்தலையை விரலால் தொட்டுக் காட்டி, "இடத்தைக் கண்டுபிடிச்சாச்சு" என்றார். ஆறுதல் சொல்லவேண்டியவன் நான். அவர்தான் என் தோளைத் தட்டிவிட்டுக் காருக்குப் போனார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு குடிக்கக் கூடாது என்றார்கள். அவர் கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல, நானும் ஸ்ரெல்லா அக்காவும் ஒரு சாடி வடித்தோம். திறந்த அன்று என்னைக் குடிக்கச் சொன்னார்.

"மறைக்காமல் சொல்லும்."

"மருந்து மணக்குது, அண்ணை."

தண்ணீரில் தூள் போட நாங்கள் மறந்துவிட்டோம். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்ப இது என்ர தலைக்குள்ள இல்லை! உங்கட பிழை!" அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கட்டி திரும்ப வளர்ந்தது. மார்கழியில் சொற்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. ஜொஸ்லினின் பெயர் போனபோது அவள் அறையை விட்டு வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாக நான் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்து, "நீர்... நீர்..." என்றார். வழக்கம்போல என்னைத்தான் அழைத்தாரா, தாகத்தில் கேட்டாரா, தெரியவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. கையையும் விடவில்லை.

சனிக்கிழமை திருப்பலி நடந்தது. பாட்டுக்குழுவில் அடித்தொண்டைக் குரல் இல்லாமல் பாட்டு மேலேயே மிதந்துகொண்டிருந்தது. சேமக்காலையில் நிலம் உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட முடியாது, பனி உருகும்வரை பெட்டி அங்குள்ள கட்டடத்துக்குள் இருக்கும் என்றார்கள். ஸ்ரெல்லா அக்கா கைநிறையப் பூவோடு போட இடமின்றி நின்றார். பிறகு கட்டடத்தின் இரும்புக் கதவருகே பனியின் மேல் அவற்றை வைத்தார். காற்று இரண்டொன்றை உருட்டிக்கொண்டு போயிற்று.

சித்திரையில் நிலம் இளகிவிடும் என்கிறார்கள், அண்ணை. அன்றைக்கு வாறம். அதுவரை அந்தக் குளிருக்குள் உங்களைத் தனியே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.