லாக்கரில் ஒலித்த போன்

மகன் மதிய ஷிப்டுக்குக் கிளம்பும்போது லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போவான். ஓசூர் சிப்காட்டில் அவன் வேலை செய்யும் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். வெளியே வரும்வரை கிரிப்டோ விலைகளைப் பார்க்க முடியாது. அதனால் அவனுக்குப் பதிலாக வாங்கி விற்க ஒரு மென்பொருளை ஓடவிட்டிருந்தான். ‘பாட்’ என்பான். விலை இறங்க இறங்க அது மேலும் வாங்கும், ஏறியதும் விற்றுவிடும்.

அதில் அவன் தங்கைக்கு நர்சிங் கல்லூரியில் கட்டவேண்டிய பணமும் இருந்தது. மீதிச் சேமிப்பை ‘ஸ்டேக்கிங்’ என்று வேறொரு தளத்தில் பூட்டி வைத்திருந்தான். வட்டி மாதிரி ஏதோ வரும், கெடு முடியும்வரை எடுக்க முடியாது. ஆகவே ‘பாட்’டிடம் இருந்ததைத்தான் நம்பியிருந்தோம். திங்கட்கிழமை கட்டணத்துக்குக் கடைசி நாள்.

“சிவப்பா இருந்தாலும் நீ எதையும் தொடாதம்மா. நடுவுல நிறுத்துனா மொத்தமும் நஷ்டத்துல வித்துடும்” என்று சொல்லியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. விடைத்தாள் திருத்திக்கொண்டே நிமிர்ந்தால் திரை முழுக்கச் சிவப்பு. விலை விழுந்தது, பாட் வாங்கியது. இன்னும் விழுந்தது, இன்னும் வாங்கியது. கையிருப்பு என் கண்ணெதிரே கரைந்தது. ‘நிறுத்து’ பொத்தான் அங்கேயே இருந்தது. முதுகலை படித்தவள்தான், அதை அழுத்தலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி கேட்டுக்கு அடித்தேன்.

“யாரு பேக்கு?” என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டபடி எடுத்த செக்யூரிட்டி, என் குரலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“என் பையனை ஒரு நிமிஷம் போனுக்குக் கூப்பிடுங்க சார். ரொம்ப அவசரம்.”

“லைன்ல இருந்து அப்படியெல்லாம் விட மாட்டாங்கம்மா. வீட்ல யாருக்காவது முடியலையா?”

“இல்லீங்க, ஒரு பண விஷயம்...”

“பணம்னா சூப்பர்வைசர் என்னையத்தான் திட்டுவாரு. அப்பாவுக்கு முடியலைன்னு சொல்லிடறேன், உடனே விட்டுடுவாங்க.”

உதவிதான் செய்தார். நான் “வேணாங்க” என்றபோது மறுமுனையில் ஆள் இல்லை.

போன வருடம்தான் என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். செக்யூரிட்டி போனை வைத்தபோது அவர் வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார்.

மகனின் போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கேட்டுக்கு.

“அப்பவே ஓடிட்டாரும்மா. லாக்கரைக்கூடத் திறக்கல. பைக்கை எடுத்துக்கிட்டுப் பறந்துட்டாரு.”

எங்கள் வீடு உத்தனப்பள்ளியைத் தாண்டி இருக்கிறது. ராயக்கோட்டை ரோட்டில் அந்த நேரம் கிரானைட் லாரிகள் ஓடும். அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை. கணவரிடம் சொன்னேன். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, “அடிப்பாவி, அவன் எப்படி ஓட்டுவான் தெரியுமா?” என்றார். இரண்டு பேரும் தெருமுனையில் போய் நின்றோம். ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் அவர் கையைப் பிடித்தேன்.

வந்தான். அப்பாவைக் கண்டதும் ஸ்டாண்ட் போடாமலே இறங்க, பைக் சாய்ந்து விழுந்தது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“நிக்கிறியேப்பா!”

“நின்னுட்டுதான்டா இருக்கேன். உங்கம்மாவைக் கேளு.”

சொன்னேன். உள்ளே போய் லேப்டாப்பில் ‘பாட்’டை நிறுத்தினான்.

“நீயே நிறுத்தியிருக்கலாமேம்மா.”

“நீதானேடா தொடாதன்ன?”

“பாதிக்கு மேல போச்சு” என்றான்.

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, ஜல்லித்தூள் அப்பியிருந்தது.

“வளைவுல சறுக்கிட்டேன். பின்னாடி வந்த லாரிக்காரன் பிரேக் போட்டுட்டான்” என்றான், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்தானோ என்னவோ, “பாதிக்கு மேல போச்சும்மா” என்று மறுபடியும் சொன்னான். நான் அவன் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு கல்லாக எடுத்துக்கொண்டிருந்தேன்.