நுரைக் கூடும் தெய்வசிகாமணியின் கல்யாணமும்

முதலியார்பேட்டை தெய்வசிகாமணிக்கு முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. ஆள் ஒன்றும் மோசமில்லை. முன்வழுக்கை கொஞ்சம், அவ்வளவுதான். பெரிய மார்க்கெட் பக்கம் வண்ண மீன் கடை வைத்திருந்தான். மீன் என்றதுமே நாற்றம் அடிக்குமே என்று பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பேரை அவன் வாயே விரட்டியது. அவர்கள் பவுனைப் பற்றிப் பேசினால் இவன் தொட்டிப் பாசியைப் பற்றிப் பேசுவான்.

2006 ஆடி மாதம் கடையில் ஒரு கூத்து நடந்தது. ஃபைட்டர் மீனுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். நீல ஆண் மீன் நல்ல அழகன். பெண் மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தொட்டியில் வெளிறிய சிவப்புப் பயல் ஒருவன், வால் வேறு கிழிசல். ஆனால் தண்ணீர்மேல் நுரை ஊதி ஊதிப் பெரிய கூடு கட்டியிருந்தான். அங்கே விட்டதுதான் தாமதம், அவள் நேரே கூட்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டாள்.

அடடே, பெண் பார்ப்பது ஆளை இல்லை, வீட்டை! தெய்வசிகாமணிக்கு ஞானம் பிறந்துவிட்டது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் அந்த வரிசையில் சொன்னது சும்மாவா?

மில் வேலையில் இருந்தபோது அப்பா கட்டிய ஓட்டு வீட்டுக்குக் கிளிப்பச்சை அடித்தான். ஜன்னலுக்கு ரோஸ். வாசலில் சிமெண்ட் மீன் ஒன்று வாயால் தண்ணீர் கொட்டியது. அக்கா செல்வாம்பாள் வந்து பார்த்து, இது வீடா பொருட்காட்சியா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆவணியில் தவளக்குப்பத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். கூடவே பெண்ணும் வந்துவிட்டாள். தாமரைச்செல்வி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையை விடச் சொன்ன மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று தட்டிவிட்டவள். பார்த்ததுமே தெய்வசிகாமணிக்குப் பிடித்துப்போயிற்று. இவளும் வேண்டாம் என்றால் ஆயுசுக்கும் மீனோடுதான் குடித்தனம் என்று பயம் வந்துவிட்டது.

பயம் வந்தால் அவன் வாய் சும்மா இருக்குமா? கேசரித் தட்டை நீட்டும்போதே மீன் கதையை ஆரம்பித்து, கூட்டைப் பார்த்துத்தான் பெண் சம்மதிக்கும், அதனால்தான் வீட்டை இப்படிச் செய்தேன் என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டான். அக்கா அவன் காலை மிதித்தாள். பெண்ணின் அப்பா கேசரியை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"முட்ட போட்டப்புறம் என்னா ஆவும்?" என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

இங்கே ஒரு புளுகு புளுகியிருக்கலாம். மீன் விஷயத்தில் அவனுக்குப் பொய் வராது. ஆண் மீன்தான் காவல் காக்கும், நழுவும் முட்டையை வாயில் கவ்வித் திரும்பக் கூட்டில் வைக்கும், சோறு தண்ணிகூடப் பார்க்காது, பெண் மீனை நாங்கள் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவோம் என்றான். சம்பந்தம் பேசும் இடத்தில் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றுகிறானே பாவி என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குப் பாதி நாளு நைட் டூட்டி. வேலைய உட மாட்டேன்," என்றாள் தாமரைச்செல்வி. "புள்ள பொறந்தா யாரு பாத்துக்கறது?"

"நான்தாங்க. கடைக்கே தூக்கிட்டுப் போயிடுவேன். மீனே பாத்துக்குது, நான் பாத்துக்க மாட்டனா?"

அவள் கிளிப்பச்சைச் சுவரை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"வூடு சகிக்கல. ஆளு போதும்மா, சரின்னு சொல்லு."